ஜாபர் அனுப்பிய கச்சேரிகள்

1

2024 நவம்பர் 16, சனிக்கிழமை. காலை ஐந்தே முக்காலுக்கு எழுந்தேன். வெளியே மூன்று டிகிரி. காபி போட்டுக் குடித்துவிட்டு, வாரத்தின் வேலைச் சட்டைகளை இயந்திரத்தில் துவைக்கப் போட்டேன். எண்ணெய்க் கறை இருப்பதால் அவற்றை வீட்டுத் துணிகளோடு சேர்க்க என் மனைவி வசந்தா விடுவதில்லை. ஏழரைக்கு வாசலில் உதிர்ந்து கிடந்த இலைகளை வாரிக் காகிதப் பைகளில் அடைத்து ஓரமாக வைத்தேன். இந்த ஊரில் இலைகளை எடுக்கத் தனி வண்டி வரும். பிளாஸ்டிக் பையில் கட்டினால் தொடமாட்டார்கள். முதல் ஆண்டு அது தெரியாமல் கட்டி வைத்து, அந்தப் பைகள் பல வாரம் எங்கள் வாசலில் கிடந்து, இது புதிதாக வந்தவர்கள் வீடு என்று தெருவுக்கே சொல்லிக்கொண்டிருந்தன.

கனடாவின் தெற்கு ஓரத்தில் இருக்கும் விண்ட்சருக்கு நான் வந்து இன்றோடு பதினைந்து ஆண்டுகள். சென்னை அம்பத்தூர் தொழிற்பேட்டை எஸ்டேட்டில் ஒரு டூல் ரூமில் மில்லிங் மெஷினில் நின்றவன், இங்கே பிளாஸ்டிக் பொருட்களுக்கான அச்சுகள் செய்யும் பட்டறையில் அதே வேலையைச் செய்கிறேன். இன்று என்ன நாள் என்று வீட்டில் யாருக்கும் நினைவில்லை. நானும் நினைவூட்டவில்லை. மகள் யாழினி பல்கலைக்கழக விடுதியிலிருந்து சனி ஞாயிறுக்கு வந்து மாடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். முந்தைய வாரம் ஏதோ பெரிய அரங்கில் கச்சேரிக்குப் போயிருக்கிறாள். யாரோடு போனாய் என்று கேட்டதற்கு, வகுப்பில் யாரிடமோ ஒரு டிக்கெட் மிச்சம் இருந்தது என்றாள். அந்த ஆளின் பெயர் அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை.

எட்டரைக்குக் கீழறைக்கு இறங்கி நாற்காலியில் உட்கார்ந்தேன். சென்னையில் அப்போது மாலை ஏழு மணி. சனிக்கிழமை அந்த நேரத்தில் ஜாபர் கூப்பிடுவான். அந்த நேரத்தில் கீழே யாரும் வரமாட்டார்கள்.

2

ஜாபர் பூந்தமல்லிக்காரன். எஸ்டேட்டில் நான் சேர்ந்த அதே மாதம் சேர்ந்தவன். என் மெஷினுக்குப் பின்னால், இரும்பை இழைக்கும் அவனுடைய கிரைண்டிங் மெஷின். முதல் ஆறு மாதம் நாங்கள் அதிகம் பேசிக்கொண்டதில்லை. ஓர் ஆடி மாதம் அம்பத்தூர் ஓ.டி. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் அம்மன் கோயில் கச்சேரியில் மேடைக்குப் பின்னால், ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் ஒருவன் கண்ணை மூடி நின்றுகொண்டிருந்தான். பார்த்தால் ஜாபர். முன்னால் அத்தனை இடம் இருக்க ஏன் இங்கே நிற்கிறாய் என்று கேட்டேன்.

"முன்னாடி நின்னா பாடறவன் சத்தம்தான் மாமே கேக்கும். வாசிக்கிறவன் சத்தம் கேக்காது. இங்க வா, சொல்றேன்" என்றான்.

அவன் சொன்னது சரி. மேடைக்குப் பின்னால் பெட்டி ஸ்பீக்கரின் இரைச்சல் இல்லை. ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியாகக் காதில் விழுந்தது. அன்றே பங்கு பிரித்துக்கொண்டோம். பேஸ் கிட்டார் அவனுக்கு, தபலா எனக்கு. கச்சேரி முடிந்து டீக்கடையில் அவனவன் பங்கை அவனவன் சொல்ல வேண்டும். எந்த இடத்தில் தப்பு விட்டான், எந்த இடத்தில் தப்பை மறைத்தான் என்பதெல்லாம். கல்யாணம் ஆன பிறகும் இது மாறவில்லை. ஆடி முழுக்கக் கோயில்கள். மற்ற மாதங்களில் ஆவடி, பட்டாபிராம், திருமுல்லைவாயில் என்று கல்யாண மண்டபங்களின் ரிசப்ஷன்கள். அழைப்பெல்லாம் கிடையாது. நேராகப் போய் மேடைக்குப் பின்னால் நின்றுகொள்வோம். ஆனால் சாப்பிடக் கூடாது என்பது ஜாபர் வைத்த சட்டம். பிரியாணி வாசனை மண்டபத்தைத் தூக்கினாலும் அவன் அசையமாட்டான்.

"பத்திரிக காதுக்குத்தான் வந்துகீது. வாய்க்கு வரல" என்பான்.

பட்டாபிராமில் ஒருமுறை பெண்ணின் அப்பா எங்களைக் கையைப் பிடித்துப் பந்திக்கு இழுத்தார். ஜாபர் பணிவாக, "இல்ல நைனா, நாங்க பாட்டு பார்ட்டி" என்று சொல்லிவிட்டான். பின்னாலேயே நின்றிருந்த குழு நடத்துபவர், எந்தப் பார்ட்டி, எனக்குத் தெரியாமல் என்று முறைத்தார். "பாடறது உங்க பார்ட்டி அண்ணாத்தே, கேக்கறது எங்க பார்ட்டி" என்றான். அவர் சிரித்து, எங்களுக்கு இரண்டு ஸ்டூல் போடச் சொன்னார். அதன் பிறகு அந்தக் குழு எங்கே வாசித்தாலும் ஸ்டூல் கிடைத்தது.

நாங்கள் கடைசியாகச் சேர்ந்து நின்றது 2015 ஆடியில், நான் விடுமுறைக்குப் போயிருந்தபோது. 2018இல் அப்பா படுத்த படுக்கையானார். பட்டறையில் மேற்பார்வையாளரிடம் போய், நம் ஊர் வழக்கப்படி, மை ஃபாதர் இஸ் சீரியஸ் என்றேன். அவர் நல்ல மனிதர். தன் அப்பாவும் அப்படித்தான், வாழ்நாளில் சிரித்ததே இல்லை என்றார். அதைச் சரிசெய்து விளக்கி, லீவு வாங்கி, நான் போய்ச் சேர்ந்தபோது பால் ஊற்றியாகிவிட்டது. என் தம்பியோடு நின்று எல்லாவற்றையும் செய்தவன் ஜாபர்தான். நான் திரும்பும் நாளில் பக்கத்துத் தெருவில் ஒரு கச்சேரி இருந்தது. போகலாமா என்று நான் பார்த்த பார்வைக்கு, "காரியம் முடியறதுக்குள்ள பாட்டா? அடுத்த வாட்டி வா, நின்னு கேப்போம்" என்று சொல்லி ஏர்போர்ட்டுக்கு வண்டி பிடித்தான்.

அந்த அடுத்த முறை இன்னும் வரவில்லை. தொற்றுக்காலம் வந்தது. பிறகு குடியுரிமைக்குக் காத்திருந்தேன். பிறகு இந்தியா போய்வருவதற்கான அட்டைக்கு. நம் ஆட்களின் இனிஷியலை என்ன செய்வது என்று எந்த அலுவலகத்துக்கும் தெரிவதில்லை. அப்பா பெயர் எனக்குக் குடும்பப் பெயராகிவிட்டது. கவுண்டரில் 'மாணிக்கம்' என்று கூப்பிட்டபோது, இறந்துபோனவருக்காக நான் எழுந்து போனேன்.

3

இங்கே வந்த முதல் குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை காலை ஜாபரைக் கூப்பிட்டேன். அவன் திருமுல்லைவாயிலில் ஒரு ரிசப்ஷனில் நின்றுகொண்டிருந்தான். "பேசாத, கேளு" என்று சொல்லி பட்டன் போனை மேடைப் பக்கம் நீட்டினான். தகர டப்பாவுக்குள் வாசிப்பதுபோல் இருந்தது. ஆனால் பாட்டு வந்தது. தபலா கூட வந்தது. முழுப் பாட்டையும் நின்றபடியே கேட்டேன். அன்றிலிருந்து அது சனிக்கிழமை வழக்கமாயிற்று.

2017இல் துபாயில் இருக்கும் அவன் மகன் ஒரு டச் போன் அனுப்பினான். இனி இன்டர்நெட்டில் பேசலாம், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம் என்று ஜாபருக்கு ஒரே குஷி. அந்தச் சனிக்கிழமை போனை எடுத்துக் காதில் வைத்தேன். ஜாபரின் மூச்சு கேட்டது. தொண்டையைக் கனைப்பது கேட்டது. யாரோ தள்ளி நிற்கச் சொன்னது கேட்டது. பாட்டு மட்டும் இல்லை.

"எப்படி கீது மாமே? டிவி கணக்கா கீதா?"

அந்தக் குரலில் இருந்த பெருமையைக் கேட்ட பிறகு வேறென்ன சொல்வது? "பக்கத்துல நிக்கிற மாதிரி இருக்கு மச்சான்" என்றேன்.

யாழினிக்கு அப்போது பன்னிரண்டு வயது. அவள்தான் விஷயத்தை விளக்கினாள். பேசுகிறவரின் குரல் தெளிவாகப் போவதற்காக, சுற்றிலும் கேட்கும் மற்றதையெல்லாம் இந்தப் போன்கள் இரைச்சல் என்று எடுத்து வெளியே போட்டுவிடுமாம். "ஃபோனுக்குப் பாட்டுன்னா குப்பைப்பா. அந்த அங்கிள்கிட்டயே சொல்லுங்க, அவர் ஃபோன்லதான் மாத்தணும்" என்றாள். அதற்குள் நாலைந்து சனிக்கிழமைகள் போய்விட்டிருந்தன. நாலைந்து முறை அவன் "கேட்டியா?" என்று கேட்டு, நான் "கேட்டேன்" என்று சொல்லியாகிவிட்டது. எப்படிச் சொல்வது?

தொற்றுக்காலத்தில் மண்டபங்கள் மூடிக் கிடந்த மாதங்கள் தவிர, இப்படி ஏழு ஆண்டுகள். நான் கேட்டதெல்லாம் ஜாபரை மட்டும்தான். பாட்டு நன்றாக ஏறும்போது அவன் பேச்சு நின்றுவிடும். அவன் எவ்வளவு நேரம் பேசாமல் இருக்கிறான் என்பதை வைத்து, வாசிப்பவன் எப்படிப்பட்டவன் என்று கணிக்கப் பழகினேன். அவன் "த்சொ" என்றால் தப்பு விழுந்திருக்கிறது. மெல்ல முனகினால் பேஸ் தனியாகப் போகிறது. யாழினி அதற்கு 'மூச்சு ப்ரோகிராம்' என்று பெயர் வைத்தாள். எனக்கு அதுவே போதும் என்று ஆகிவிட்டது. நான் வாரம் முழுக்கப் பேசும் மொழியில் எனக்கு நண்பர்கள் இல்லை. பட்டறையில் எல்லாரோடும் வானிலையைப் பற்றிப் பேசுவேன்.

கடந்த சில மாதங்களாக அவனுக்கு மூச்சு இரைத்தது. ஏழு ஆண்டுகள் வேறெதையும் கேட்காத காதுக்கு அது தெரியாமல் போகாது. கேட்டால், மேடையில் புகை மெஷின் வைத்திருக்கிறார்கள், தொண்டையைக் கமறுகிறது என்பான். கிரைண்டிங் தூசியில் முப்பது ஆண்டுகள் நின்றவனுக்குப் புகை ஒத்துக்கொள்ளாதுதான் என்று நானும் விட்டுவிட்டேன். அக்டோபரில், ஜனவரி பத்தாம் தேதிக்கு டிக்கெட் போட்டுவிட்டு அவனிடம் சொன்னேன். எந்தத் தேதி என்று இன்னொரு முறை கேட்டான். பிறகு, "வா மாமே வா. தையில நெறைய ரிசப்ஷன் கீது" என்றான்.

4

இன்று எட்டு முப்பத்திரண்டுக்குக் கூப்பிட்டான்.

முத்தாபுதுப்பேட்டையில் ஒரு ரிசப்ஷன், மாப்பிள்ளை ஏர்ஃபோர்ஸ், மேடை பெரியது என்றான். பேஸ் வாசிப்பவன் காலில் மாவுக்கட்டோடு வந்திருக்கிறானாம். "கால நீட்டிகினு ஸ்டூல்ல குந்திகினு வாசிக்கிறான் மாமே. கால் ஒடஞ்சா இன்னா, வெரலு சும்மா ஓடுது" என்றான். நான் சிரித்தேன். அவனும் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு இருமலாக மாறி நிற்காமல் போயிற்று. அப்போது போனில் ஒரு பெண் குரல், மிக அருகில், தெளிவாகக் கேட்டது.

"ஏங்க, போதும். மொதல்ல குழாய மூக்குல மாட்டுங்க. ஒதடு நீலமாவுது பாருங்க."

அது அவன் மனைவி மும்தாஜின் குரல்.

"அடுத்த பாட்டு ஆரம்பிச்சிட்டான், அப்பால பேசறேன்" என்று ஜாபர் வைத்துவிட்டான்.

பாட்டை வடிகட்டும் போன், அவர் குரலை வடிகட்டவில்லை. மும்தாஜின் எண்ணுக்கு உடனே அடித்தேன். எடுக்கவில்லை. பத்து மணிக்கு அவரே கூப்பிட்டார். மொட்டை மாடிக்கு வந்து பேசுவதாகச் சொன்னார். அவர்கள் இப்போது இருப்பது வெள்ளானூரில், மகன் மனை வாங்கிக் கட்டிய வீட்டில்.

ஏப்ரலில் நோன்புப் பெருநாள் தொழுகைக்குப் போய்வந்ததுதான் ஜாபர் கடைசியாக வெளியே போனது என்றார். நுரையீரல் இறுகிப்போய்விட்டது. இனி இளகாது. வீட்டில் ஆக்சிஜன் மெஷின் வைத்திருக்கிறார்கள். டாக்டர் அடுத்த ரம்ஜான் வரைக்கும்தான் பேசுகிறார், அதற்கு மேல் கேட்டால் பேச்சை மாற்றுகிறார். அடுத்த ரம்ஜான் மார்ச்சில் வருகிறது. மகனுக்கும் அவருக்கும் தவிர யாருக்கும் தெரியக் கூடாது, முக்கியமாக எனக்கு, என்று ஜாபர் சத்தியம் வாங்கியிருக்கிறான்.

அப்படியென்றால் கச்சேரி? ஆடி மாதம் நாலு வாரமும் நாலு கோயில் சொன்னானே? அதை நான் கேட்பதற்குள் அவரே சொன்னார். "எல்லாம் ரூமுலதாண்ணே. டிவில பழைய கச்சேரி எதுனா போடுவாரு. உங்களுக்கு நல்லா கேக்கணும்னு முழுசா சவுண்டு வெப்பாரு. பக்கத்து ஊட்டுக்காரங்க ரெண்டு வாட்டி சண்டைக்கு வந்துட்டாங்க. நான்தான் கால்ல விழாத குறையா கெஞ்சினேன்."

எனக்காக வைத்த அந்தச் சத்தத்தில் துளிகூட என்னிடம் வந்து சேரவில்லை என்பதை அவரிடம் எப்படிச் சொல்வேன்?

வாரத்தில் அந்த ஒரு நேரம்தான் அவன் கட்டிலை விட்டு எழுந்து உட்காருகிறான் என்றார். ஷேவ் செய்து, வெளியே போகும் சட்டை போட்டு, அத்தர் தடவி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து என்னைக் கூப்பிடுகிறான். இவ்வளவும் சொன்ன பிறகுதான் அவர் அழுதார். நான் டிக்கெட் போட்ட செய்தியைச் சொன்ன நாளிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லையாம். தினமும் விடியற்காலையில் மூக்குக் குழாயைக் கழற்றிவிட்டு நடந்து பழகுகிறானாம், ஜனவரிக்குள் மேடைக்குப் பின்னால் நிற்கும் அளவுக்குத் தேறிவிட வேண்டும் என்று. செவ்வாய்க்கிழமை பாத்ரூம் வாசலில் விழுந்துவிட்டான். நெற்றியில் தையல்.

"வராதீங்கன்னு சொல்ல மாட்டேண்ணே. உங்களப் பாத்தா அவருக்கு சந்தோசம்தான். ஆனா அதுவரைக்கும் இப்படி நடந்து நடந்து எங்கனா விழுந்து போயிடுவாரோன்னு கீது. குழாய கழட்டாதீங்கன்னா கேக்க மாட்டேங்கறாரு."

எனக்கு எல்லாம் தெரியும் என்று நானே அவனிடம் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். அவசரமாக மறுத்தார். அந்த வழியையும் அவர் யோசித்திருக்கிறார். "தெரிஞ்சிபோச்சின்னா சனிக்கெழம எதுக்கு எழுந்திரிப்பாரு?" என்றார். கீழேயிருந்து ஜாபர் கூப்பிட்டிருக்க வேண்டும். வைத்துவிட்டார்.

5

துவைத்த சட்டைகளை உலர்த்தும் இயந்திரத்தில் போட மறந்துவிட்டேன். மதியம் வசந்தா ஈரத் துணியோடு வந்து என்ன ஆயிற்று என்று கேட்டாள். சொன்னேன். அவள் சற்றும் யோசிக்கவில்லை.

"மனுசன் சாகக் கெடக்கறாரு. கச்சேரியாவது, ஸ்டூலாவது. போய்ப் பக்கத்துல உக்காருங்க. அப்புறம் ஆயுசு பூரா பொலம்பாதீங்க, என்னால கேக்க முடியாது."

டிக்கெட்டை முன்னால் மாற்றிக்கொண்டு அடுத்த வாரமே போகலாம் என்றும் சொன்னாள். நடந்து பழக அவனுக்கு நேரம் கொடுக்காமல் போய் நின்றுவிடலாம். அதையும் யோசித்தேன். வெள்ளானூர் வீட்டுக் கதவைத் திறந்தால் கட்டிலில் குழாயோடு ஜாபர். பிறகு? என் முகத்தைப் பார்த்ததுமே அவன் இந்த ஏழு மாதச் சனிக்கிழமைகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்ப்பான். ஏர்ஃபோர்ஸ் மாப்பிள்ளை, மாவுக்கட்டு பேஸ்காரன், ஆடிக் கோயில்கள். நான் ஒரு வாரம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். இருவரும் சுவரைப் பார்ப்போம். பிறகு நான் விமானம் ஏறிவிடுவேன். அதற்குப் பிறகு வரும் சனிக்கிழமைகளில் அவன் எதற்குச் சட்டை போடுவான்?

யாழினி படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. "உண்மையச் சொல்லிடுங்கப்பா. ரெண்டு பேருமே சொல்லிடுங்க. ஃபிரெண்ட்ஸ்தானே?" என்றாள். அவள் வளர்ந்த இடத்தில் அது சுலபமான காரியம். ஏன் முடியாது என்று சொல்வதற்கு வேண்டிய தமிழ் அவளிடம் இல்லை, ஆங்கிலம் என்னிடம் இல்லை.

ஊரிலிருந்து இதைப் படிக்கும் உங்களில் பலர் போயிருப்பீர்கள். போவதுதான் சரி என்று வசந்தாவைப் போலவே சொல்வீர்கள். பதினைந்து ஆண்டுகளில் நான் தவறவிட்டவை எல்லாமே போக முடியாமல் தவறியவை. லீவு இல்லை, அட்டை வரவில்லை, விமானம் ஓடவில்லை. காரணம் சொல்ல யாராவது, ஏதாவது இருந்தது. இப்போது லீவு கையெழுத்தாகிவிட்டது, அட்டை பெட்டியில் இருக்கிறது, டிக்கெட் இருக்கிறது. முதல்முறையாக எல்லாம் சரியாக இருக்கிறது.

இரவு மூவரும் சாப்பிட்டோம். ஈரச் சட்டைகளை இன்னொரு முறை அலசிப் போட்டேன்.

6

ஞாயிறு காலை ஆறு மணிக்கு, பல்கூட விளக்காமல், முதல் வேலையாகக் கீழறைக்குப் போய் ஜாபரைக் கூப்பிட்டேன். அங்கே மாலை நாலரை. மூன்றாவது மணியில் எடுத்தான்.

"இன்னா மாமே, ஞாயித்துக்கெழம? ஊட்ல எல்லாம் நல்லா கீறாங்களா?"

"எல்லாரும் நல்லா இருக்காங்க. லீவு கேன்சல் பண்ணிட்டாங்க மச்சான். புது ஆர்டர் வந்திருக்கு, யாரும் போகக் கூடாதுன்னுட்டாங்க. தைக்கு வர முடியாது."

இது ஒரு கம்பெனியா, இதற்கு எஸ்டேட்டே மேல், அந்த மேனேஜரை ஒருநாள் கிரைண்டிங்கில் நிற்க வைக்க வேண்டும் என்று திட்டினான். இரைப்புக்கு நடுவே நிறுத்தி நிறுத்தித் திட்டினான். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"வுடு மாமே, மனசுல வெச்சுக்காத" என்றான் கடைசியில். "ஆடிக்கு வா. தைய வுட ஆடிதான் ஷோக்கு. நாலு வாரமும் நிப்போம்."

"ஆடிக்குக் கண்டிப்பா வரேன்" என்றேன்.

சரி என்றான். இரண்டு பேரும் வைக்கிறேன் என்று சொன்னோம். நான் வைக்கவில்லை. அவன் போனைச் சரியாக அணைக்காமல் கட்டிலில் போட்டிருக்க வேண்டும். அவன் குரல் கொஞ்சம் தள்ளிக் கேட்டது.

"மும்தாஜு, மத்தியான சோறு கீதா? பசிக்குது."